தாய்லாந்துப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் பணி: முகவர் இல்லாமல் நேரடியாக விண்ணப்பிக்கும் முறை

தாய்லாந்தில் முதல் பருவம் மே மாத நடுவிலும் இரண்டாம் பருவம் நவம்பர் தொடக்கத்திலும் ஆரம்பிப்பதால், பள்ளிகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும், மீண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் ஆசிரியர்களைத் தேடுகின்றன. அதற்கு முன்பே பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கும் காவல்துறைச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். இந்தியர்களிடம் டோயிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் 600 மதிப்பெண்ணையோ, அதுபோன்ற இன்னொரு தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸில் அதற்கு இணையான மதிப்பெண்ணையோ கேட்பது வழக்கம். பி.எட். முடித்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

ஆஜார்ன் டாட் காம் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் பள்ளிகளின் விளம்பரங்களும் முகவர் நிறுவனங்களின் விளம்பரங்களும் கலந்தே வருகின்றன. பள்ளியின் பெயரைச் சொல்லாமல் மாவட்டத்தை மட்டும் குறிப்பிடும் விளம்பரம் பெரும்பாலும் முகவருடையது. பள்ளியின் பெயர் தெரிந்தால், அதன் இணையதளத்திலோ முகநூல் பக்கத்திலோ ஆங்கில வழிப் பிரிவின் பொறுப்பாளரைக் கண்டுபிடித்து, அவருக்கே சுருக்கமான கடிதத்துடன், நீங்கள் பாடம் நடத்தும் சில நிமிட வீடியோவையும் அனுப்புங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே ஏற்போம் என்று எழுதியிருக்கும் பள்ளிகளும் உண்டு; அது நியாயமற்றது என்பதே என் கருத்து. ஆனாலும் அவர்களோடு வாதிடுவதை விட, ஆங்கில வழியில் கணிதமும் அறிவியலும் கற்பிக்க ஆள் தேடும் பள்ளிகளுக்கு எழுதுவது பயன் தரும்.

தமிழகத்து ஆசிரியர்கள் பலர் கவனிக்காத ஒரு வழியும் இருக்கிறது. ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியை நடத்தும் புனித கபிரியேல் சபைச் சகோதரர்களே, பாங்காக்கில் 1885இல் தொடங்கப்பட்ட அசம்ப்ஷன் கல்லூரியையும் சியாங் மாயிலுள்ள மான்ட்ஃபோர்ட் கல்லூரியையும் நடத்துகின்றனர்; பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் இவை பள்ளிகளே. இச்சபையின் பள்ளிகளில் பணியாற்றியவர்கள், தங்கள் முதல்வரிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று அங்கே நேரடியாக எழுதலாம்.

நேர்காணலில் தேர்வானதும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். கையெழுத்திடுபவர் பள்ளியா வேறொரு நிறுவனமா, ஒப்பந்தம் 12 மாதங்களுக்கா அல்லது விடுமுறைக் காலச் சம்பளத்தைத் தவிர்க்கும்படி 10 மாதங்களுக்கா, வேலை அனுமதிச் செலவு யாருடையது, குருசபா எனப்படும் ஆசிரியர் மன்றத்தின் தற்காலிக அனுமதிக்குப் பள்ளி விண்ணப்பிக்குமா என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பட்டச் சான்றிதழுக்கு எந்தெந்த அலுவலகச் சான்றொப்பம் தேவை என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்துத் தூதரகம் என்று வரிசையாகப் போக நேர்ந்தால் வாரக்கணக்கில் ஆகும்.

சுற்றுலா விசாவில் வந்து வேலையைத் தொடங்குங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பள்ளியே சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். வேலை அனுமதியின்றிக் கற்பிப்பது அங்கே குற்றம். பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் உங்கள் தலையில்தான் விழும். பள்ளி அனுப்பும் ஆவணங்களை வைத்து, வேலைக்கு வருவோருக்கான நான்-இமிக்ரன்ட் பி விசாவுக்கு ஊரிலிருந்தே இணையவழியில் விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகு பயணச்சீட்டை வாங்குங்கள்.