கடற்புல் எங்கும் போகவில்லை: செயற்கைக்கோள் படங்களைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊருக்கு வடக்கே கடற்புல் பரப்பு எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க, சில ஆண்டுகளின் சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களை வரிசையாக அடுக்கினோம். 2021 வரை கருத்துத் தெரிந்த இடம் 2022இல் வெளுத்து வெறும் மணலாகத் தெரிந்தது. பதறிப்போய்ப் படகுக்காரரிடம் கேட்டோம். "புல்லு வலையில ஏறிக்கிட்டுத்தான் இருக்கு, வந்து பாருங்க சார்" என்றார். கோளாறு எங்கள் கணக்கில்தான்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2022 ஜனவரி 25 முதல் இந்தப் படங்களைத் தயாரிக்கும் முறையை மாற்றியது. ஒவ்வொரு பிக்சலின், அதாவது படப்புள்ளியின், ஒளி அளவைக் குறிக்கும் எண்ணோடு 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழித்து, மிச்சத்தை 10,000ஆல் வகுத்தால்தான் தரை எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பியது என்பது கிடைக்கும். வயலையும் காட்டையும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த ஆயிரம் தப்பிவிடக்கூடும். கடல் அப்படியல்ல. புல் அடர்ந்த இடத்தில் மொத்த மதிப்பே சில நூறுதான். அதன் மேல் ஆயிரம் ஏறினால் புல் மணலாகிவிடும்.

சரி, தேதியை வைத்துப் பிரித்துவிடலாமே என்றால், அதுவும் தவறு. பழைய படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறார்கள். சில தளங்களோ தாங்களே கழித்துத் தருகின்றன. அதில் நீங்களும் ஒருமுறை கழித்தால் கடல் மைனஸில் போய் நிற்கும். கோப்பின் நீளமான பெயருக்குள் ஆங்கில N எழுத்தை அடுத்து நான்கு இலக்கத் தயாரிப்பு எண் இருக்கும். 0400 அல்லது அதற்கு மேல் என்றால் மூலப்படத்தில் ஆயிரம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெயரை அழித்துவிட்டு 'ராம்நாடு_புதுசு_கடைசி' என்று மாற்றி அனுப்புகிறவர்களை என்ன சொல்வது! எங்கிருந்து இறக்கினீர்கள், எதைக் கழித்தீர்கள் என்று ஒரு சின்ன உரைக்கோப்பில் எழுதி, படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

அதே கோப்புப் பெயரில் படம் எடுத்த நேரமும் உண்டு, ஆனால் அது உலகப் பொது நேரம். ஐந்து மணி சொச்சம் என்பதைப் பார்த்து விடியற்காலைப் படம் என்று நினைத்து, கடல் ஏற்ற இறக்க அட்டவணையோடு ஒப்பிட்டால் எல்லாம் தப்பாகும். ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். காலை பத்தரையை ஒட்டி வரும்.

மாதத் தேர்விலும் சறுக்குகிறார்கள். வாடை என்ற வடகிழக்குக் காற்று அடிக்கும்போது வடகடலான பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடலான மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்தில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் ஒரே மாதப் படத்தை எடுத்து ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது கலங்கலைத்தான்.

அப்புறம் வாட்ஸ்அப். வரைபடத்தைச் சாதாரணப் படமாக அனுப்பினால் இருப்பிடமும் போகும், பிக்சல் எண்களும் சிதையும். இருப்பிடத்தையும் உள்ளே வைத்திருக்கும் ஜியோடிஃப் என்ற வகைக் கோப்பாகவே கொடுங்கள். இந்த மாவட்டக் கடற்கரை முழுவதும் வரைபடத்துக்காக உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில் 44 வடக்கு மண்டலத்தில் வருகிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பர் பழக்கத்தில் 43இல் அனுப்பினால் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். புல் (1), மணல் (2), பவளம் (3) என்று வகை பிரித்த படத்தை மாற்றும்போது அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். சராசரி எடுத்தால் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே, அங்கே இல்லாத இரண்டாம் வகை முளைக்கும்.

எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிடுவதும் தவறுதான். கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை இருந்தும் திருட்டு நிற்கவில்லை. ட்ரோன் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். அட்டை மண்டிய இடத்தையோ ஆவுளியா என்ற கடற்பசு மேயும் இடத்தையோ அப்படியே வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகிவிடும். அந்தப் பதிவை நீக்கிவிட்டு, இடத்தைச் சில கிலோமீட்டர் கட்டமாகப் பெரிதாக்கி வெளியிடுங்கள். துல்லியமான புள்ளி வேண்டுமென்று கேட்பவருக்கு, அவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு தனியாகக் கொடுக்கலாம்.