மாங்காய்ப் பணத்துக்கு உக்கிராணக் கணக்கு எழுதுவது எப்படி?

வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் மாதச் சம்பளக்காரர்களுக்கு எளிது. சம்பளம் வந்த அன்றே பத்தில் ஒன்றைக் கவரில் போட்டுவிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூர்ப் பக்கம், எங்களைப் போல் இரண்டு ஏக்கர் மாந்தோப்பை நம்பியிருப்பவர்களுக்கு வைகாசி, ஆனியில் வரும் பணம்தான் அடுத்த சித்திரை வரைக்கும். பதினொரு வருடம் சபைப் பொருளாளராக இருந்தவள் என்பதால் புதிதாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மண்டிச் சீட்டு கையில் வந்த பிறகு அல்ல, தை மாதம் மரம் பூக்கும்போதே எழுதத் தொடங்குங்கள். தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்த செலவுதான் முதல் வரி. அதன் பின் காவல், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன். வேதாகமத்தில் லூக்கா 16இல் எஜமான், தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராணக்காரனிடம் "உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி" என்கிறான். ஒப்புவிக்கக் கணக்கு இருக்க வேண்டும் அல்லவா?

இனி பெரிய சண்டைக்கு வருவோம்: பத்தில் ஒன்று எதில்? 2025இல் பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஐந்து ரூபாய்க்குப் போனது. எங்கள் ஆறு டன்னுக்கு 30,000 ரூபாய் வந்தது. செலவு 24,500. மீதி 5,500. என் வீட்டுக்காரர் 30,000த்துக்கும் சேர்த்து 3,000 கொடுக்க வேண்டும் என்றார். நான் 550 போதும் என்றேன். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியது "வரவுக்குத் தக்கதாக" என்றுதான். மருந்துக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் என் வரவு ஆகாது. கடைசியில் 550 போட்டோம். ஆனால் இதையே சாக்காக வைத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் டிவி தவணையையும் கழிக்கத் தொடங்கினால் உங்களுக்கு எந்த வருடமும் மிஞ்சாது. சாகுபடிச் செலவை மட்டும் கழியுங்கள், வீட்டுச் செலவைக் கழிக்காதீர்கள்.

விலை நல்ல வருடத்தில், தசமபாகத்தை எடுத்து வைத்த பிறகு மீதியைப் பன்னிரண்டு கவரில் பிரித்து, மேலே மாதத்தின் பெயரை எழுதுங்கள். ஐப்பசிக் கவரை ஆவணியில் தொட்டால், ஏன் தொட்டோம் என்று அதன் மேலேயே எழுதுங்கள். என்னுடைய ஐப்பசிக் கவரில் "நாத்தனார் மகள் வளைகாப்பு" என்று மூன்று வருடமாக எழுதியிருக்கிறது. மூன்றும் வேறு வேறு மகள்கள்.

பணமே வராத மாதங்களுக்குப் பிடி அரிசி இருக்கிறது. உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போடுவது என் மாமியார் பழக்கியது. ராகிக் களி கிளறுகிற நாளில் ஒரு பிடி ராகி மாவு போடுவார். மாவில் வண்டு விழும் என்று நான் அதை மட்டும் மாற்றிவிட்டேன்.

தோப்பைக் குத்தகைக்கு விடுகிறீர்களா? லேவியராகமம் 19, சிந்திக்கிடக்கிற பழங்களைப் பொறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விடச் சொல்கிறது. குத்தகை பேசி முடித்துவிட்டால் உதிர்ந்ததும் குத்தகைக்காரருடையதுதான். எனவே முன்பணம் வாங்கும் முன்பே, காற்றில் விழுந்த காயை ஊர்ப் பெண்கள் பொறுக்கினால் விரட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அதற்காக ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார். குறைத்துக்கொள்ளுங்கள்.

சபையில் அறுப்புப் பண்டிகைக்கு நடக்கும் காணிக்கைப் பொருள் ஏலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைக்கில் பெயர் சொல்லும் சந்தோஷத்தில் ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டு, பங்குனி வரை என் கண்ணில் படாமல் பின் வரிசையில் உட்கார்ந்தவர்கள் உண்டு. சட்டைப்பையில் இருப்பதற்கு மேல் கேட்காதீர்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பொருள்களுக்கு ஒதுக்குங்கள்: ஏணி, தெளிப்பான், பெரிய அண்டா, பந்தல் கயிறு. யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று எழுதினால் போதும். திரும்பக் கேட்பதற்காக அல்ல, அடுத்தவர் வந்து கேட்கும்போது எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காக. எங்கள் அண்டா இப்போது நான்காவது வீட்டில் இருக்கிறது.