திருகோணமலை வெயிலில் சன் கிறீம்: எதை வாங்குவது, எவ்வளவு பூசுவது

நிலாவெளிக் கரையில் காலை பத்து மணிக்குக் கடற்காற்று முகத்தில் படும்போது வெயில் ஏறியிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. உடம்பு குளிர்ந்திருப்பதால் தோலும் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நாம் உணரும் வெப்பம் வேறு, தோலைக் கருக்கிப் புண்ணாக்கும் புற ஊதாக் கதிர் வேறு. காற்று வெப்பத்தைத் தணிக்குமே தவிர அந்தக் கதிரைத் தடுக்காது. மெல்லிய முகிலும் அதன் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். மணல் ஏறத்தாழ 15 சதவீதத்தையும் அலை நுரை ஏறத்தாழ 25 சதவீதத்தையும் திருப்பி எறிவதால், கரையில் குடையின் கீழ் இருப்பவருக்கும் கதிர் பக்கவாட்டில் வந்து சேர்கிறது.

வட அகலக்கோடு எட்டரைப் பாகையளவில் இருக்கும் திருகோணமலையில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஆண்டின் மற்றைய நாட்களிலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. ஆகவே கச்சான் காற்றுக் காலத்தில் மட்டுமல்ல, வாடைக்காற்றுக் காலத்தில் மழை விட்டு வெளிக்கும் நாட்களிலும் கவனம் வேண்டும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரமெல்லாம் கதிர் கடுமையானது என்பதை நினைவில் வைத்தால் போதும். கருவி எதுவும் தேவையில்லை.

கறுத்த தோலுக்குச் சன் கிறீம் எதற்கு என்ற கேள்வி நம்மிடையே வலுவாக இருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. நம் தோலிலுள்ள மெலனின் என்ற நிறப்பொருள் ஓரளவு காப்புத் தருகிறது என்பதும், வெள்ளைத் தோலினரிடையே காணப்படும் அளவுக்கு நம்மவரிடையே தோற்புற்றுநோய் இல்லை என்பதும் சரிதான். ஆனால் கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு, பருக்கள் ஆறியபின் மறையாத கறுப்புத் தழும்புகள் ஆகியவற்றை வெயில் நம் தோலிலேயே அதிகம் வெளிக்காட்டுகிறது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோயுள்ளவர்களுக்கும் பாதுகாப்பு மிக அவசியமானது. சில மருந்துகளும் தோலை வெயிலுக்குக் கூச்சமுள்ளதாக்கும். வயலில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கொடுக்கப்படும் டொக்சிசைக்ளின் அவற்றில் ஒன்று என்பதை விவசாயக் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் பூச்சும் சேர்ந்தால் போதும்.

பாமசியில் ரியூப்பைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். முதலாவது எஸ்.பி.எஃப். என்ற எண். இது புற ஊதாக் கதிரில் தோலை எரியச் செய்யும் யூ.வி.பி. என்ற வகைக்கு எதிரான காப்பை மட்டும் குறிக்கிறது. எண் 15 ஆனால் ஏறத்தாழ 93 சதவீதம், 30 ஆனால் 97 சதவீதம், 50 ஆனால் 98 சதவீதம் தடுக்கப்படுகிறது. ஆகவே 30க்குக் குறையாமல் வாங்குங்கள். 100 என்று எழுதியிருப்பதற்காக இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது, மங்குக்கும் சுருக்கத்துக்கும் கூடுதல் காரணமான, கண்ணாடி யன்னலையும் ஊடுருவும் யூ.வி.ஏ. கதிருக்கு எதிரான காப்பு. ‘புறோட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொற்களோ, வட்டத்துக்குள் யூ.வி.ஏ. என்ற எழுத்துகளோ, ஆசிய நாட்டுத் தயாரிப்புகளில் பி.ஏ. என்பதன் பின் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகளோ இருந்தால் அது உண்டு என்று பொருள். காலாவதித் திகதி கடந்ததையும், கடை வாசலில் வெயில்படும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததையும் வாங்க வேண்டாம். முகத்தை வெளுப்பாக்கும் கிறீம் சன் கிறீம் அன்று. பெயரற்ற வெளுப்பு கிறீம்களில் பாதரசமோ ஸ்டீரொய்ட்டோ கலந்திருக்கக்கூடும். ஸ்டீரொய்ட் தோலை மெலியச் செய்து வெயிலுக்கு இன்னும் இடங்கொடுக்கும்.

துத்தநாக ஒக்சைட்டு, டைட்டேனியம் டையொக்சைட்டு ஆகியவை கொண்ட கனிமப் பூச்சுகள் கூச்சமுள்ள தோலுக்கும் குழந்தைகளுக்கும் உகந்தவை. ஆனால் நம் நிறத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அதை விரும்பாதவர்கள் மண்நிறம் சேர்த்த பூச்சைத் தேடலாம். அந்நிறத்தைத் தரும் இரும்பு ஒக்சைட்டு, மங்கைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால், மங்கு உள்ளவர்களுக்கு இதையே முதலில் சொல்வேன். வியர்வையோடு கண்ணுக்குள் வழிந்து எரிவதாகச் சொல்பவர்கள் நெற்றிக்கு மட்டும் குச்சி வடிவில் வரும் பூச்சைப் பயன்படுத்தலாம்.

எந்தப் பூச்சை வாங்கினாலும் பெரும்பாலானோர் தவறுவது அளவில்தான். ரியூப்பில் அச்சிட்ட எண், ஒரு சதுரசென்ரிமீற்றர் தோலுக்கு இரண்டு மில்லிகிராம் என்ற தடிப்பில் பூசிச் சோதித்துப் பெறப்பட்டது. நாம் பூசுவதோ பெரும்பாலும் அதன் அரைவாசி, சில வேளைகளில் கால்வாசி. அப்போது 50 என்ற எண் 25 ஆகவோ அதற்கும் குறைவாகவோ இறங்கிவிடுகிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு முகம், கழுத்து, காது சேர்த்து ஒரு தேக்கரண்டி. ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. நெஞ்சும் வயிறும் சேர்த்து ஒன்று. முதுகுக்கு ஒன்று: ஆக ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லிலீற்றர். அப்படியானால் 50 மில்லிலீற்றர் ரியூப் ஒருவருக்கு இரண்டு முறைகூடக் காணாது. ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் இது தாங்கக்கூடியதன்று என்பதை நான் நன்கு உணர்கிறேன். அதனால்தான் துணியை முன்னிறுத்திச் சொல்கிறேன்: நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற தொப்பி, குடை ஆகியவற்றால் உடம்பின் பெரும்பகுதியை மூடிவிட்டு, எஞ்சிய முகம், கழுத்து, புறங்கை, புறங்கால் ஆகியவற்றுக்கு மட்டும் கிறீமைத் தாராளமாகப் பூசுங்கள். கரைவலை இழுப்பவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்பவர்களும் தலையில் துணி போட்டுக்கொள்வது எந்த ரியூப்பைவிடவும் மலிவான, உறுதியான காப்பு.

முகத்துக்கான அளவைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனிவரை இரண்டு கோடாகப் பிழிந்து அளந்துகொள்ளலாம். வெளியே இறங்குவதற்கு 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். குளித்தாலோ துவாயால் துடைத்தாலோ அந்த நேரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. நீருக்குத் தாக்குப்பிடிக்கும் என்று எழுதியிருப்பதும் 40 அல்லது 80 நிமிடங்களுக்குத்தான். நுளம்புக் களிம்பு பூசுவதானால் அது சன் கிறீமுக்கு மேலேயே வர வேண்டும். காது மடல், உதடு, பிடரி, வழுக்கைத் தலை ஆகியவை எப்போதும் மறக்கப்படுபவை. கோணேசர் கோயிலுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பவர்களுக்குப் புறங்காலும், திருவிழாவில் மேற்சட்டையின்றி நிற்கும் ஆண்களுக்குத் தோள்களும் அப்படியே. கண்ணுக்குக் கிறீம் உதவாது. கடலில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவர்களுக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளர்வதில் வெயிலுக்குப் பங்கிருப்பதால், தொப்பியோடு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் தேவை.

புறாத்தீவுக்குப் படகில் போய் முகங்குப்புற மிதந்து பவளப் பாறைகளைப் பார்ப்பவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்புறமும் வெந்துபோகின்றன. நீருக்குக் கீழே அரை மீற்றர் ஆழத்திலும் மேற்பரப்பிலுள்ள கதிரில் ஏறத்தாழ 40 சதவீதம் எட்டுகிறது. அங்கே இன்னொரு பொறுப்பும் உண்டு. 2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ள அந்தத் தீவைச் சுற்றிப் பவளங்கள் வாழ்கின்றன. பவளங்களுக்குக் கேடு செய்யக்கூடும் என்ற கவலையால், ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் ஆகிய இரசாயனங்களில் ஒன்றேனும் கொண்ட பூச்சுகளின் விற்பனையை அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021 இல் தடைசெய்தது. ரியூப்பின் பின்பக்கத்தில் இந்தப் பெயர்கள் இருந்தால் அதைக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். முழுக்கை நீச்சற் சட்டை அணிந்தால் பூச வேண்டிய அளவும் கடலில் கரையும் அளவும் ஒருங்கே குறையும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிறீம் வேண்டாம். நிழலும் மெல்லிய துணியுமே போதும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகளைக் காலை பத்துக்கு முன் முடித்துவிட முடியுமா என்று பெற்றோர் அதிபரிடம் கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

சந்தனமும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் நம்பத்தக்க வெயிற்காப்புத் தருபவை அல்ல. தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போவது ஆபத்தானது; அச்சாற்றிலுள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலை எரித்துக் கொப்புளமாக்கி, மாதக்கணக்கில் மாறாத கறுப்பை விட்டுச்செல்லும். வெயிலில் தோல் ஏற்கெனவே எரிந்துவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, கற்றாழைக் களியோ வாசனையற்ற ஈரப்பூச்சோ பூசி, ஆறும்வரை அந்த இடத்தைத் துணியால் மூடியே வெளியே செல்லுங்கள். பற்பசையும் ஐஸ் கட்டியும் வேண்டாம்; கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். கொப்புளம் பரந்திருந்தாலோ, காய்ச்சலும் வாந்தியும் வந்தாலோ, எரிந்தது சிறு பிள்ளையானாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.