மாணவர் நலப் பணியாளர் பயிற்சியில் கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரியில் ஒரு மாணவி உதவி கேட்டு முதன்முதலாக வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் அலுவலகத்தின் கம்பி ஜன்னல்தான். உதவித்தொகை வரவில்லை, போனபைட் சான்றிதழ் வேண்டும், விடுதிக் கட்டணம் செலுத்த இரண்டு வாரம் தவணை வேண்டும் என்று ஏதேனும் ஒரு காரணத்தோடு அவர் வருகிறார். அந்தக் காரணத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரமம் வெளியே வருமா வராதா என்பதை, ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் பேசும் முதல் இரண்டு வாக்கியங்களே தீர்மானித்துவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஆண்டுகள் மாணவர் நலப் பணியில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பணியாளர் பயிற்சி என்ற பெயரில் நாம் நடத்துபவற்றில் பெரும்பகுதி இந்த ஜன்னலை எட்டுவதே இல்லை.

தவறு ஆள் தேர்விலேயே தொடங்குகிறது. பயிற்சிக்கான சுற்றறிக்கை வந்தவுடன், அன்று வகுப்பு இல்லாத உதவிப் பேராசிரியர் ஒருவரை அனுப்பிவைக்கிறோம். ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வுக்குப் பயிற்சிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அவர்களுக்கென்று 2023 முதல் மாளவியா மிஷன் என்ற பெயரில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. உதவித்தொகைப் பிரிவு எழுத்தருக்கோ, விடுதிக் காப்பாளருக்கோ, கல்லூரிப் பேருந்து ஓட்டுநருக்கோ இப்படியொரு ஏற்பாடு எட்டியதை நான் பார்த்ததில்லை. குலசேகரத்திலிருந்து தினமும் அதே பிள்ளைகளை ஏற்றி வருகிற ஓட்டுநருக்கு, யார் பத்து நாளாக யாருடனும் பேசாமல் தனியாக உட்கார்ந்து வருகிறார் என்பது வகுப்பாசிரியருக்கு முன்பே தெரியும். தெரிந்ததை யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. மாணவர் தற்கொலைகள் குறித்த வழக்கொன்றில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் இந்த இடத்தில் மிகத் தெளிவாக உள்ளன. கற்பிப்போர், கற்பிக்காதோர் என்ற வேறுபாடு இல்லாமல் பணியாளர்கள் அனைவருக்கும், ஆண்டுக்கு இருமுறையாவது, தகுதி பெற்ற மனநல வல்லுநர்களைக் கொண்டு பயிற்சி அளிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஆசிரியரை மட்டும் அனுப்பிவிட்டுக் கணக்கு முடிக்கும் வழக்கத்துக்கு இனி இடமில்லை.

அடுத்த தவறு சான்றிதழ்களை எண்ணுவது. 2020 ஊரடங்கில் இணையவழிக் கருத்தரங்குகள் பெருகியபோது, ஒரே வாரத்தில் ஐந்தாறு மின்சான்றிதழ்கள் சேர்த்தவர்களை நான் அறிவேன். கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் நாக் (NAAC) குழுவின் மதிப்பீட்டுக்குப் பயிற்சிகளின் எண்ணிக்கை கேட்கப்படுவதால், எண்ணிக்கையே நோக்கமாகிவிட்டது. பயிற்சிக்குப் பிறகு ஜன்னலில் என்ன மாறியது என்ற கேள்வியை எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு என்று நான் கருதுவது, எந்த ஊருக்கும் பொருந்துகிற பொதுவான பேச்சைக் கொண்டுவந்து பயிற்சி என்று வைப்பது. ஊக்கமூட்டும் பேச்சாளர் ஒருவர் வந்து நேர மேலாண்மை பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறார், கைதட்டுகிறோம், தேநீர் குடித்துவிட்டுக் கலைகிறோம். நம் மாணவர்கள் எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வருகைக் குறைவுக்காக மாணவர் ஒருவரிடம், மூன்று நாளுக்குள் தந்தையின் கையெழுத்து வாங்கி வரும்படி ஒரு படிவம் கொடுத்தோம். மூன்றாம் நாள் கையெழுத்து வந்தது. பழைய படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த எழுத்தர், அது மாணவர் தானே போட்டது என்று கண்டுபிடித்தார். விஷயம் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போனது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டோமே தவிர, உன் அப்பா எங்கே இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைகுனிந்து நின்ற பையனின் கையில் அந்தப் படிவத்தின் நகல் நான்காக மடித்து இருந்தது. ஒரு வாரம் இடைநீக்கம் செய்தோம். அதன் பிறகுதான், கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த ஆய்வக உதவியாளர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகள் ஒரு முறை போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும் என்றும், அந்தப் பையனின் தந்தை அப்போது நடுக்கடலில் இருந்தார் என்றும் சொன்னார். அம்மாவின் கையெழுத்தை வாங்க எங்கள் படிவத்தில் இடமே இல்லை. அந்த ஒரு வாரத்தை அந்த மாணவருக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. படிவத்தை மட்டும் மாற்றினோம்.

ஆய்வக உதவியாளருக்குத் தெரிந்தது குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நம் மாவட்டத்தில் பணியாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இத்தகைய செய்திகள் பல உள்ளன. மீன்பிடித் தடைக்காலம் நமக்கு இரண்டு: கிழக்குக் கடற்கரையைச் சேர்ந்த சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடற்கரையைச் சேர்ந்த குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பகுதிகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கல்லூரி திறந்து கட்டணம் கேட்கும் அதே வாரங்களில் மேற்குக் கரை விசைப்படகு வீடுகளில் வருமானம் நின்றுபோயிருக்கும். தென்மேற்குப் பருவமழை வலுத்தால் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலும் பால்வெட்டு தடைப்படும். கடலும் மலையும் ஒரே நேரத்தில் கைவிரிக்கிற மாதங்கள் அவை. விடியும் முன்பே தந்தையோடு பால்வெட்டுக்குப் போய்விட்டு முதல் மணி வகுப்புக்குத் தாமதமாக ஓடிவரும் மாணவரும், சோம்பலால் தாமதமாகும் மாணவரும் வருகைப் பதிவேட்டில் ஒன்றுபோலவே தெரிவார்கள். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வரும் சிலர் வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்தவர்கள். அலுவலகத் தமிழில் எழுதிய அறிவிப்பு அவர்களுக்கு முழுதாகப் புரியாமல் போவதும் உண்டு. இவற்றைச் சொல்லித்தர வெளியூர்ப் பேச்சாளர் வேண்டியதில்லை. நம் அலுவலகத்திலேயே கடற்கரையிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைத்தாலே போதும்.

நடைமுறை வேலையைக் கற்றுத்தராமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2022 செப்டம்பர் முதலும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் நேரடியாக வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. பணம் வரவில்லை என்று ஜன்னலுக்கு வந்தால் வங்கியில் போய்க் கேள் என்கிறோம். வங்கியில் கல்லூரியில் போய்க் கேள் என்கிறார்கள். ஆதார் எண் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதைச் சரிபார்க்கும் முறையை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்தர், பல மாணவிகளின் வீண் அலைச்சலைத் தடுத்துவிடுவார்.

சட்டங்களைத் திரையில் காட்டி வாசித்து முடிப்பது இன்னொரு தவறு. முதலாமாண்டில் சேரும் பலருக்கு வயது 17 என்பதால், அவர்கள் மீதான பாலியல் குற்றம், 18 வயது நிறையாதவர்களைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கீழ் வரும். அதை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம். கல்லூரிக்கு வந்தாலே பெரியவர்கள்தானே என்று நினைத்துக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்க முயல்வது சட்டப்படியே குற்றமாகும். பகடிவதைக்கு எதிராகத் தமிழ்நாடு 1997இலேயே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைகளின்படி, மாணவர் குறைதீர் குழு புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை அளிக்க முயல வேண்டும். இதையெல்லாம் வாசித்துக் காட்டுவதைவிட, மாதிரிப் புகார் ஒன்றைக் கையில் கொடுத்து, இதற்கு ஒப்புகைச் சீட்டு எழுதுங்கள், எந்தக் குழுவுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்பது நல்லது. நான் அப்படிக் கேட்டபோது, பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூடப் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள்.

இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய் வந்தவரின் அறைக் கதவில் மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டிவிடுவது ஆபத்தானது. அந்தப் பணிக்குத் தனிப் படிப்பு வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதும் மேலே சொன்ன உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்களில் உண்டு. அலுவலகப் பணியாளர் கற்க வேண்டியவை சில மட்டுமே: குறுக்கே பேசாமல் கேட்பது, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முழு வாக்குறுதி தராமல் இருப்பது, ஆலோசகரிடம் எண்ணைக் கொடுத்து அனுப்பாமல் கூடவே அழைத்துப் போவது, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்போது செல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பது, 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது. இவற்றுடன், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கவும் பழக வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது மனநல வல்லுநர்களின் தெளிந்த கருத்து. ஆனாலும் அந்த வாக்கியம் வாயில் எளிதில் வருவதில்லை. ஒரு பயிற்சியில் இருவர் இருவராக உட்கார வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னபோது, முதல்முறை பாதியிலேயே பலர் நிறுத்திவிட்டார்கள். நான்காம் முறைதான் குரல் நடுங்காமல் வந்தது.

கேட்டதை வெளியே சிந்தாமல் காப்பதும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். உதவித்தொகைப் பட்டியலைச் சாதி, ஆதார் எண் ஆகியவற்றோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது இன்னும் நடக்கிறது. மாணவரின் பெயரைச் சொல்லி அவருடைய சிக்கலைத் துறை வாட்ஸ்அப் குழுவில் விவாதிப்பதும் நடக்கிறது. பார்த்தவுடன் நிறுத்த வேண்டிய வழக்கங்கள் இவை.

பயிற்சியைத் தேர்வு வாரத்தில் வைப்பது, தொகுப்பூதியத்தில் இருப்பவர்களை விடுமுறை நாளில் ஊதியமின்றி வரச்சொல்வது, பணி விட்டுப் போகிறவர் கற்றதை அடுத்தவரிடம் ஒப்படைக்க ஒரு குறிப்பேடுகூட வைக்காதது ஆகியவற்றை நிர்வாகம் நினைத்தால் ஒரே நாளில் சரிசெய்யலாம்.

பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு ஜன்னலை மூடிவிட்டு, எழுத்தர், காப்பாளர், ஓட்டுநர், ஆசிரியர், ஆலோசகர் என எட்டுப் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்த மாதம் வந்த ஒரு நிகழ்வைப் பெயர் நீக்கிப் பேச வேண்டும். என்ன சொன்னோம், என்ன கேட்கத் தவறினோம், எந்தப் படிவம் இடையூறாக இருந்தது என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முதல் கூட்டத்துக்குப் பொருள் தேடுபவர்கள், அடுத்த கல்வியாண்டின் கட்டணத் தேதிகளையும் இரண்டு மீன்பிடித் தடைக்காலங்களையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம். ஜூலை முடியும் முன் எந்தத் தேதியைத் தள்ளி வைக்கும்படி முதல்வரிடம் கேட்பது என்று அன்றே முடிவு செய்துவிடலாம்.