சின்ன கேமரா வாங்கப் போகிறீர்களா? ஒரு டார்ச்சும் ஒரு மெமரி கார்டும் கையில் இருக்கட்டும்

தைப்பூசத்தன்று கழுத்தில் மாட்டிக்கொண்டு பத்துமலைப் படியேற, தீபாவளி விருந்தில் மேசைமேல் போட்டு வைக்க, பிள்ளைகள் கையில் பயமில்லாமல் கொடுக்க ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. இதற்குக் கோலாலம்பூரில் அலைய வேண்டியதில்லை. புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசா, வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் பழைய பொருள் சந்தை, உட்கார்ந்த இடத்தில் இணையத்தில் ஷாப்பி, கரோசெல், முடா என்று வழி நிறைய. பினாங்கில் இருப்பவர்களுக்கு லோரோங் கூலிட் காலைச் சந்தை. சிக்கல் எதை வாங்குவது என்பதில்தான்.

முதலில், எதை வாங்கக் கூடாது? “48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்” என்று பளபளக்கும், பெயர் தெரியாத புதுக் கேமராக்களை. விவரப் பட்டியலைக் கீழே வரை படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜூம் எல்லாம் டிஜிட்டல், அதாவது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸே நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் என்ற சொல்லே இருக்காது. சென்சாரின், அதாவது படத்தைப் பதியும் சில்லின், அளவு போட்டிருக்க மாட்டார்கள். பிளாஷ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எல்இடி பல்பு. உள்ளே இருப்பது சில மெகாபிக்சல் சென்சார். மீதியை மென்பொருள் ஊதிப் பெரிதாக்குகிறது. விற்பவர் போட்டிருக்கும் மாதிரிப் படத்தில் ஒரு முகத்தைப் பெரிதாக்கி, தலைமுடியைப் பாருங்கள். முடி முடியாகத் தெரியாமல் மாவு பிசைந்த மாதிரி இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். இதைவிடப் பத்து வருடப் பழைய கேனனோ சோனியோ எவ்வளவோ மேல்.

மெகாபிக்சலுக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். 4ஆர் படம் 4×6 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தாலும் 1200×1800, அதாவது 22 லட்சம் புள்ளிகூட வேண்டாம். ஏ4 அளவுக்கே 9 மெகாபிக்சல் போதும். ஆகவே 10, 12 மெகாபிக்சல் பழைய கேமராவைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை.

பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. மலிவுக் கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்று இருக்கும். உண்மையில் அது 6.2×4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 1/1.7 அங்குலம் என்றால் 7.6×5.7 மி.மீ. 2010இல் வந்த கேனன் எஸ்95 இந்த ரகம். எஃப் 2.0 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்) என்பதால் வீட்டு வெளிச்சத்துக்கு நன்றாக ஈடுகொடுக்கும். 1 அங்குலச் சென்சார் 13.2×8.8 மி.மீ., பரப்பில் முதல் வகையைப்போல் நான்கு மடங்கு. 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 அப்படிப்பட்டது. பழையதாகக் கிடைத்தாலும் மலிவாகக் கிடைப்பது அரிது.

புதியதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 போன்றதைப் பார்க்கலாம். 16 மெகாபிக்சல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், இரண்டு டபுள்-ஏ பேட்டரி. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் வகை பேட்டரி போடுங்கள். கடிகாரத்துக்கு வாங்கும் மலிவு பேட்டரி போட்டால் சில படங்களிலேயே படுத்துவிடும்.

பழையதைக் கடையில் சோதிப்பது

விற்பவரிடம் சார்ஜ் ஏற்றிய பேட்டரி கேளுங்கள். மெமரி கார்டு உங்களுடையதாக இருக்கட்டும். கேமராவை ஆன் செய்வதற்கு முன் அதன் வெளிப்புறத்தைப் பாருங்கள்: திருகாணித் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா, மூடியின் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கொக்கி உடைந்து ரப்பர் பேண்டு போட்ட கேமராக்கள் சந்தையில் ஏராளம்.

பிறகு ஆன் செய்து, ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பத்து முறை ஓட்டுங்கள். கரகரவென்று அரைக்கும் சத்தம் வந்தால் உள்ளே மணல். ஒரு முறையேனும் திரையில் “லென்ஸ் எரர்” வந்துவிட்டால் விலை பேசவே வேண்டாம். கீழே விழுந்ததோ மணல் புகுந்ததோ, பழுதுபார்க்கும் கூலி கேமரா விலையைத் தாண்டிவிடும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சோதனை. லென்ஸ் வெளியே வந்த நிலையில் கைபேசி டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கேமராவை மெல்லத் திருப்பி லென்ஸ் கண்ணாடியைப் பாருங்கள். இரண்டு மூன்று தூசு தெரிந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை இழைபோல, வேர் கிளைவிட்டதுபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டிய காற்றில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் இது வரும். இங்கே பெரும்பாலான வீடுகளில் காற்று அப்படித்தான். சின்ன கேமராவின் லென்ஸைப் பிரித்துத் துடைப்பது காசுக்குக் கட்டுப்படியாகாது.

வெள்ளைச் சுவரை முழு ஜூமில் ஒரு படம் எடுங்கள். கொஞ்சம் நகர்ந்து இன்னொன்று. இரண்டிலும் அதே இடத்தில் கறுப்புத் திட்டு இருந்தால் சென்சாரில் தூசு. லென்ஸைக் கையால் பொத்திக்கொண்டு ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) உச்சத்தில் வைத்து ஒரு படம்: ஓரிரண்டு வண்ணப் புள்ளி தெரிந்தால் விட்டுவிடலாம், வானத்து நட்சத்திரம்போல் கொட்டிக் கிடந்தால் வேண்டாம். பிளாஷையும் மறக்காமல் அடித்துப் பாருங்கள்.

2002 முதல் 2004 வரை வந்த கேமரா என்றால் கூடுதல் எச்சரிக்கை. சோனி தயாரித்த, சிசிடி என்ற பழைய வகைச் சென்சார்கள் சிலவற்றில் உள்ளிணைப்பு சூட்டிலும் ஈரத்திலும் விட்டுப்போய், படம் ஊதா நிறமாகவோ கோணிக்கொண்டோ, அல்லது வெறும் கறுப்பாகவோ வந்தது. 2005இல் கேனன், நிக்கான், ஃபுஜிஃபிலிம் உட்படப் பல நிறுவனங்கள் இதை அறிவித்தன. இன்று அதற்கு இலவசப் பழுதுபார்ப்பை எதிர்பார்க்க முடியாது.

ஜப்பானிலிருந்து வந்த சரக்கு என்றால் மெனுவைத் திறந்து மொழியைப் பாருங்கள். அங்கே விற்ற சோனி கேமராக்கள் பலவற்றில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், மாற்ற வழியில்லை.

பணத்தைப் பிரிப்பது எப்படி? கையில் 400 வெள்ளி இருந்தால் கேமராவுக்கு 320க்கு மேல் போகாதீர்கள். மீதி பேட்டரிக்கும் கார்டுக்கும் வேண்டும். பழைய பேட்டரி உப்பியிருந்தால் உடனே மாற்றுங்கள். பேட்டரி வாங்கும்போது கேமராவின் பெயரைச் சொன்னால் போதாது. பேட்டரிமேல் அச்சிட்ட எண்ணைப் படம் எடுத்துப் போங்கள். கேனனில் என்பி-6எல் வேறு, என்பி-11எல் வேறு.

கார்டில் அவசரப்பட்டு 64 ஜிபி வாங்காதீர்கள். அது எஸ்டிஎக்ஸ்சி வகை, 2010க்கு முந்தைய கேமராக்கள் பல அதைப் படிக்காது. 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி. 2006க்கு முந்தைய கேமராவுக்கு 2 ஜிபி சாதா எஸ்டிதான் நம்பகம். எக்ஸ்டி என்ற வேறு வகை கார்டு கேட்கும் பழைய ஒலிம்பஸ், ஃபுஜி கேமராக்களை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள். கார்டு தேடியே ஓய்ந்துபோவீர்கள்.

கடையில் வாங்கினால் ரசீது கேட்டு, அதில் கேமராவின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். வியாபாரியோடு தகராறு வந்தால் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. ஆனால் கரோசெலில் தனி ஆளிடம் வாங்கியதற்கு அந்தக் கதவு திறக்காது. அங்கே நேரில் பார்த்து, சோதித்து, பிறகு பணம்.

வாங்கிய பிறகு

வீட்டுக்குள் ஜூம் பண்ணாதீர்கள், நடந்து போங்கள். கேனன் இக்ஸஸ் 285 ஹெச்எஸ்ஸில் ஜூம் இல்லாத விரிகோணத்தில் எஃப் 3.6, முழு ஜூமில் எஃப் 7.0. உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்டக் கால்பங்காகக் குறைகிறது. படம் ஆடிப்போவதற்கு இதுதான் காரணம். பிளாஷ் 3, 4 மீட்டருக்கு அப்பால் எட்டாது. வெள்ளை வேட்டியோ வெள்ளைச் சுவரோ படத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து முகத்தைக் கறுக்கடிக்கும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7இல் வையுங்கள். பத்துமலையில் உச்சி வெயிலில் கண்குழி இருண்டால் பகலிலும் பிளாஷ் போடுங்கள்.

வைப்பதற்குச் சமையலறையில் இருக்கும் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். உள்ளே சின்ன ஈரமானி ஒன்று வைத்து 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துங்கள். ஜெல் நிறம் மாறினால் காய வைத்துவிட்டுத் திரும்பப் போடலாம். பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில் வையுங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெயிலுக்கு வந்ததும் லென்ஸ் ஆவி பிடித்தால் துணியால் தேய்க்காதீர்கள். வெளியே வருமுன்பே பையில் போட்டு மூடி, கால் மணி நேரம் கழித்து எடுங்கள்.