மார்சேய்ல சீப்பான லோக்கல் பார் தேடுறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இங்க ஃப்ரான்ஸ்ல, மார்சேய் துறைமுகத்துல, எங்க கப்பல் யார்டுக்கு புதுசா வந்த ரெண்டு பசங்க வாட்ஸ்அப்ல ஒரு பில்லை போட்டோ எடுத்து அனுப்புனாங்க. ரெண்டு பியர், ஒரு சின்ன கிண்ணத்துல ஆலிவ், மொத்தம் 26 யூரோ. கீழ "அண்ணே இது நார்மலா?"னு ஒரு கேள்வி. பில்லு மேல இருந்த தெருப் பேரைப் பார்த்ததும் முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் எரிச்சலா வந்துச்சு, ஏன்னா நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல அதே கரையில, கிட்டத்தட்ட அதே இடத்துல உக்காந்து இதே முட்டாள்தனத்தை இதைவிட பெருசா பண்ணியிருக்கேன்.

எனக்கு கப்பல் ரிப்பேர் வேலை. இங்க பத்தாம் நம்பர் ட்ரை டாக்னு, அதாவது தண்ணியை வெளியேத்திட்டு கப்பலை ரிப்பேர் பண்ற தொட்டி, ஒண்ணு இருக்கு, 465 மீட்டர் நீளம், மத்தியதரைக் கடல்லயே பெருசு, அதுக்குள்ள ஒரு நாள் பூரா ஏறி இறங்கிட்டு சாயங்காலம் வெளிய வந்தா தொண்டையில துருதான் இருக்கும். அப்புறம் நேரா வீட்டுக்குப் போறவன் எவன்? அப்படி வருஷக்கணக்கா நின்னு பழகுன அனுபவத்துல சொல்றேன். பர்ஸ் பத்திரம், தண்ணியைப் பார்த்த முதல் வரிசை டெரஸ் (மொட்டை மாடி இல்ல, கடைக்கு வெளிய போட்ட டேபிள்) காஸ்ட்லி, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, நான் மறுபடி சொல்லப் போறதில்ல.

பழசா தெரியுற கடையை நம்புறது

மரக் கவுண்டர், பித்தளைக் குழாய், சுவர் பூரா கறுப்பு வெள்ளை மீனவர் போட்டோ, அலமாரியில பாஸ்திஸ்ங்கிற சோம்புச் சாராயத்தோட பழைய ஜாடி. பார்த்த உடனே "ஆஹா, இதுதான்டா ஒரிஜினல் மார்சேய்"னு உள்ள போயிடுவோம். அந்த போட்டோவுல பாதி, டெக்கரேஷனுக்குன்னு மொத்தமா வாங்குனது. பானியே ஏரியா, அதாவது துறைமுகத்துக்கு மேல இருக்கிற பழைய குன்றுப் பகுதி, அதுல இது ஜாஸ்தி, டிவி சீரியல்ல பார்த்த சதுக்கத்தைத் தேடி வர்ற கூட்டம் ஒரு பக்கம், க்ரூஸ் கப்பல்ல இருந்து இறங்குற கூட்டம் இன்னொரு பக்கம்.

உண்மையான லோக்கல் பார் பார்க்க நல்லாவே இருக்காது, அதை முதல்ல மனசுல ஏத்திக்கணும். ட்யூப் லைட் வெளிச்சம். ஓரம் பேந்துபோன ஃபார்மிகா டேபிள். மூலையில ஒரு டிவி, அதுல சத்தமில்லாம குதிரை ரேஸ், அதைப் பார்த்துக்கிட்டே காதுல பேனா சொருகுன நாலு பெருசுங்க. கல்லாவுக்குப் பின்னாடி சுரண்டல் லாட்டரி, அதுக்கு மேல ஊரோட ஃபுட்பால் டீம் ஓ.எம்.மோட வெளுத்துப்போன ஸ்கார்ஃப். வாசல்ல பச்சை எழுத்துல பி.எம்.யூ.னு இருந்தா அங்க குதிரைப் பந்தயம் கட்டலாம்னு அர்த்தம். சிவப்பா, மேலயும் கீழயும் கூரா ஒரு போர்டு தொங்குனா சிகரெட் விக்கிற தபா கடை, அந்த போர்டுக்கு ஃப்ரெஞ்சுக்காரங்க வெச்ச பேரே கேரட். இந்த ரெண்டும் சேர்ந்து இருக்கிற கடையில சுற்றுலாக்காரன் காலே வெக்க மாட்டான், வேற என்ன வேணும் உங்களுக்கு?

"ஒரு பியர்"னு சொல்றது

இதுதான் விஷயம். மத்ததை எல்லாம் மறந்தாலும் பரவாயில்ல, இதை மறக்காதீங்க.

என் முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்ற நாலு பேரைக் கூட்டிக்கிட்டு, என்னையும் சேர்த்து அஞ்சு பேர், வியூ போர், அதாவது பழைய துறைமுகம், அந்தக் கரையில ஒரு டெரஸ்ல போய் உக்காந்தேன். அப்ப எனக்குத் தெரிஞ்ச ஃப்ரெஞ்ச் மொத்தமே இருபது வார்த்தை, அதுல ஒண்ணு பியேர். வெயிட்டர் வந்தான், "அஞ்சு பியேர்"னு கையையும் விரிச்சுக் காட்டுனேன். அவன் வேகமா என்னமோ கேட்டான், அதுல பிந்த்னு ஒரு சொல் மட்டும் காதுல விழுந்துச்சு, அது பிராண்டு பேரா இருக்கும்னு நெனச்சு தலையை ஆட்டிட்டேன். இன்னொரு கேள்வி கேட்டான். அதுக்கும் ஆட்டுனேன். நம்ம ஊர்ல மண்டையை ஆட்டுனா ஆமாவும் இல்ல, இல்லைன்னும் இல்ல, அங்க ஆமாதான். வந்தது அஞ்சு அரை லிட்டர் கிளாஸ், அதுவும் பெல்ஜியம் பியர். நடுவுல ஒரு மரப்பலகையில சலாமியும் சீஸும். அது ரெண்டாவது கேள்விக்கு நான் குடுத்த பதில்.

எல்லாரும் ஜாலியா இருந்தோம், சூரியன் வேற கப்பல் பாய்மரத்துக்கு நடுவுல அழகா இறங்குது, சரினு இன்னொரு ரவுண்டு. பில்லு வந்துச்சு. ஒரு பியர் 8.50, பத்துக்கு 85. பலகை 22. மொத்தம் 107 யூரோ. நான்தான் ட்ரீட்னு வாயை வேற குடுத்திருந்தேன். அப்ப யார்டு பக்கத்துல இருந்த கடையில கால் லிட்டர் கிளாஸ் 2.50, அதே அஞ்சு லிட்டர் பியரை அங்க குடிச்சிருந்தா 50 யூரோ, பலகையும் இருந்திருக்காது.

இதுல யாரும் என்னை ஏமாத்தல பாருங்க, அதுதான் இன்னும் வயித்தெரிச்சல். ஃப்ரான்ஸ்ல பார்ல பியருக்கு அளவுதான் பேர். கால் லிட்டருக்கு தெமி. தெமின்னா பாதினு அர்த்தம், எதோட பாதின்னா பழைய காலத்து ஒரு அளவோட பாதியாம், இன்னிக்கு அது 25 சென்டிலிட்டர், அவ்ளோதான். அரை லிட்டருக்கு பிந்த். தெமியிலயும் பாதி வேணும்னா கலோப்பேன்னு ஒண்ணு இருக்கு, ஆனா வெயில்ல ஒரே மூச்சுல போயிடும். ஒண்ணுமே சொல்லாம பியேர்னு மட்டும் சொன்னா, எதைக் கொண்டு வர்றதுன்னு வெயிட்டர்தான் முடிவு பண்ணுவான், டூரிஸ்ட் ஏரியா வெயிட்டர் எந்தப் பக்கம் முடிவு பண்ணுவான்னு உங்களுக்கே தெரியும். "அன் தெமி"னு சொல்லுங்க. எதுன்னு கேட்டா "ப்ரெஸ்யோன்"னு சொல்லுங்க, குழாய்ல வர்ற சாதா பியர். இந்த ரெண்டு வார்த்தை அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா அந்த மாசம் ஒழுங்கா சாப்பிட்டிருப்பேன்.

அதைவிடக் கொடுமை, விலை எல்லாம் போர்டுல இருந்துச்சு. என் தலைக்குப் பின்னாடியே. 1987 மார்ச் 27ல போட்ட ஒரு அரசாணை இருக்கு, அதன்படி ஃப்ரான்ஸ்ல எந்த பாரா இருந்தாலும் வழக்கமா விக்கிற ஐட்டங்களோட விலையை வெளியில தெரியுற மாதிரி எழுதி வெக்கணும்: கறுப்பு காபி, ஒரு தெமி, பாட்டில் பியர், ஜூஸ், சோடா, மினரல் வாட்டர், சோம்பு வாசனை அபெரிட்டிஃப் (சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிறது), அன்னிக்கு சாப்பாடு இருந்தா அது, சாண்ட்விச். மார்சேய்ல எனக்கு அந்த போர்டுதான் ஜாதகம். மூணே வரிதான் பார்ப்பேன், காபி, தெமி, சோம்பு. காபி ஒன்றரை யூரோ சுத்தி இருந்து தெமி மூணு சுத்தி இருந்தா உள்ள போவேன். காபியே மூணு யூரோன்னா அப்படியே நடையைக் கட்டிடுவேன், உள்ள எவ்ளோ அழகான பித்தளைக் குழாய் இருந்தாலும் சரி.

இன்னொண்ணு, சில கடையில அந்த போர்டுல ரெண்டு விலை வரிசை இருக்கும். ஒண்ணு கோந்த்துவார், கவுண்டர்ல நின்னு குடிக்கிற விலை. இன்னொண்ணு உக்காந்து குடிக்கிற விலை. டெரஸுக்கு மூணாவதா ஒண்ணு இருந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. அதே பியர், அதே கிளாஸ், நாற்காலிக்குத்தான் காசு. கவுண்டர்ல ஆர்டர் பண்ணிட்டு கிளாஸைத் தூக்கிக்கிட்டு டெரஸ்ல போய் உக்கார்ற புத்திசாலித்தனம் எல்லாம் வேலைக்கு ஆகாது, நான் ட்ரை பண்ணிருக்கேன், எல்லார் முன்னாடியும் எழுப்பி விட்டாங்க. கவுண்டர்ல நிக்கிறது காசுக்கு மட்டும் இல்ல, ஊர்க்காரங்க பேச ஆரம்பிக்கிறதே அங்கதான். டேபிள்ல உக்காந்தா நீங்க கஸ்டமர், அவ்ளோதான்.

கூர் ஜூலியன்லயே நின்னுடறது

யாரைக் கேட்டாலும் கூர் ஜூலியன்ங்கிற ஏரியாவுக்குப் போன்னு சொல்லுவாங்க. சுவர் பூரா கிராஃபிட்டி, கார் வராது, நல்லாத்தான் இருக்கும், ஆனா இப்ப அங்கயும் கைவினை பியர், எட்டு யூரோ. அங்க இருந்து அஞ்சு நிமிஷம் நடந்தா லா ப்ளேன். மேப்புல ப்ளாஸ் ஜான் ஜொரேஸ்னு இருக்கும், அந்தப் பேரை ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. 2018ல மாநகராட்சி அந்த சதுக்கத்தைப் புதுப்பிக்கப் போறோம்னு இறங்குனப்ப ஏரியாக்காரங்க பண்ணுன கலாட்டாவுல சுத்தி ரெண்டரை மீட்டர் உயரத்துக்கு கான்க்ரீட் சுவர் எழுப்பித்தான் வேலை பார்த்தாங்க, நம்புங்க. இப்ப சதுக்கம் பளபளன்னு இருக்கு, ஆனா பின்பக்கச் சந்துகள்ல பழைய கடைங்க இன்னும் இருக்கு. அப்படியே பூல்வார் ஷாவ் வழியா ட்ராம் பாதையைப் பிடிச்சு காமாஸ் பக்கம் இறங்குங்க, அங்க பார்ல பாதிப் பேரு மேல் மாடியில குடியிருக்கிறவங்க. சிலர் செருப்போட வருவாங்க, வீட்டுச் செருப்பு.

இன்னொரு நாள் ஜோலியத்துல இருந்து 35ம் நம்பர் பஸ் ஏறி கடலோரத்துல இருக்கிற லெஸ்தாக் ஏரியாவுக்குப் போங்க. கொண்டைக்கடலை மாவுல பொரிச்ச பனீஸ் கரையில சுடச்சுட கிடைக்கும். எங்க அம்மா பஜ்ஜி பக்கத்துல வராது, ஆனா பியருக்கு அருமை.

போன்ஜூர் சொல்லாம ஆர்டர் பண்றது

காத்துக்கிட்டே இருப்பீங்க.

ஒன்பது மணிக்கு கிளம்புறது

இந்த மாதிரி கடைங்க காலையில ஆறு மணிக்கே திறந்துடும், மீன் மார்க்கெட் ஆளுங்களுக்கும் முதல் ஷிப்ட் ஆளுங்களுக்கும். ராத்திரி எட்டு, எட்டரைக்கு நாற்காலியைத் தூக்கி டேபிள் மேல கவுத்துடுவாங்க. நீங்க ஒன்பது மணிக்கு போனா மிச்சம் இருக்கிறது டூரிஸ்ட் கடைதான். ஆறரைக்குப் போங்க, அபெரோ நேரம், அப்பதான் சில கடையில கேக்காமலே கெமியா வரும், ஒரு தட்டுல ஆலிவ், சீரகம் போட்ட கொண்டைக்கடலை, இந்த மாதிரி. அல்ஜீரியா பக்கத்துல இருந்து வந்த பழக்கம், காசு கிடையாது. ஞாயிறு பாதி கடை மூடி. ஆகஸ்ட்ல ஷட்டர்ல லீவுன்னு பேப்பர் ஒட்டியிருப்பாங்க, மூணு வாரம்.

பாஸ்திஸ்ல ஐஸை முதல்ல போடுறது

1915ல அப்சிந்த்ங்கிற சாராயத்தைத் தடை பண்ணப்புறம் சோம்புச் சாராயத்துக்கே ரொம்ப நாள் கெடுபிடி, அப்புறம் 1932ல போல் ரிகார்ங்கிற மார்சேய்க்காரர் தன்னோட பாஸ்திஸைக் கொண்டு வந்தாரு. இன்னிக்கும் ஊரோட குடி அதுதான், பியரைவிட விலையும் கம்மி. 45 டிகிரி ஆல்கஹால், சின்ன டோஸ், ரெண்டு சென்டிலிட்டர், கூடவே ஒரு ஜக்கு தண்ணி வரும். ஒண்ணுக்கு அஞ்சு தண்ணி ஊத்துனா பால் மாதிரி மஞ்சளா கலங்கும். அதுக்கு அப்புறம்தான் ஐஸ். முதல்லயே ஐஸைப் போட்டா சோம்பு எண்ணெய் குளிர்ல கட்டிப் போய் மேல மினுமினுன்னு மிதக்கும், பக்கத்துல நிக்கிற பெருசு உங்களை ஒரு பார்வை பார்க்கும். நான் அந்தப் பார்வை வாங்கியிருக்கேன். "அன் ஜோன்"னா ஒரு மஞ்சள்னு அர்த்தம், அப்படித்தான் கேப்பாங்க. குட்டி கிளாஸ் போதும்னா மோமி. பாதாம் சிரப் போட்டா மோரெஸ்க், புதினா போட்டா பெரொக்கே, அதாவது கிளி, கலரைப் பார்த்தா புரியும்.

டிப்ஸ்

சர்வீஸ் விலைக்குள்ளயே இருக்கு. சில்லறையை விட்டுட்டு வாங்க.

பாரிஸ் ஃபுட்பால் டீம் ஜெர்சியைப் போட்டுக்கிட்டுப் போறது

வேண்டாம்.

அடுத்தவன் வாங்கிக் குடுத்த ரவுண்டைக் குடிச்சுட்டு கிளம்புறது

கவுண்டர்ல நாலு நாள் நின்னா அஞ்சாவது நாள் யாராவது உங்க கிளாஸையும் சேர்த்து காசு குடுப்பாங்க. அது தானம் இல்ல, கைமாத்து. யார்டு பக்கத்துக் கடையில ரிட்டையர் ஆன கிரேன் ஆபரேட்டர் ஒருத்தர் எனக்கு ஒரு மோமி சொன்னாரு, நான் மெர்சி மெர்சினு சொல்லி குடிச்சுட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டேன். அடுத்த வாரம் போனா யாரும் நகர்ந்து இடம் விடல, போன்ஜூருக்கு முனகல்தான் பதில். கல்லாவுல இருந்த அம்மாதான் கிளாஸைத் துடைச்சுக்கிட்டே, நீ ஒருத்தருக்கு ஒண்ணு பாக்கி வெச்சிருக்கேன்னு சொன்னாங்க. அன்னிக்கு அவருக்கு மட்டும் இல்ல, கவுண்டர்ல நின்ன ஆறு பேருக்கும் சொன்னேன், ஆறு பேருக்கும் என்னையும் சேர்த்து வந்த பில்லு அந்த வியூ போர் பியர் ரெண்டோட விலைகூட இல்ல. அப்புறம் அந்த ஆறு பேரும் ஒவ்வொருத்தரா திருப்பிச் சொல்ல ஆரம்பிச்சாங்க, அன்னிக்கு பஸ்ஸு மட்டும் இல்ல, மறுநாள் காலையில ஷிப்டும் போச்சு.

26 யூரோ பில்லு அனுப்புன அந்த ரெண்டு பசங்களையும் இந்த வெள்ளிக்கிழமை அங்க கூட்டிட்டுப் போறேன். முதல் ரவுண்டு அவங்களோடதுன்னு இப்பவே சொல்லிட்டேன்.