மோட்டார் ஓடுது, தண்ணீர் நின்னு போகுது

களக்காட்டுக்குப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் சபையின் கோடை முகாம் கட்டடம் இருக்கிறது. அதைச் சீர்செய்ய ஏப்ரலில் பாளையங்கோட்டையிலிருந்து பத்துப் பேர் போயிருந்தோம். வெள்ளையடிப்பதும் ஓடு மாற்றுவதும் சீக்கிரமே முடிந்தன. கிணற்று மோட்டார்தான் நாலு நாளைத் தின்றது.

தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் ஐந்து நிமிடம் நன்றாக வரும். அப்புறம் பால் மாதிரி வெளுத்து, துப்பித் துப்பி நின்றுவிடும். முதலில் புது ஃபுட் வால்வு (கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) போட்டோம். அதே கதை. நீர்மட்டம் இறங்கிவிட்டதோ என்று கயிறு விட்டு அளந்தால் மோட்டாரிலிருந்து 14 அடிதான். பிளம்பர் அண்ணாச்சி மோட்டாரில் கசிவைத் தடுக்கும் ‘சீல்’ என்ற பாகத்தையும் மாற்றிவிட்டுக் கையை விரித்தார்.

குழாயில் எங்கேயும் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. அதை நம்பியதுதான் தப்பு. மோட்டார் ஓடும்போது உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். வெளிப்பக்கம் காய்ந்தே கிடக்கும். தண்ணீர் வெளுத்ததும் அந்தக் காற்றால்தான்.

நாலாம் நாள், தம்பி ஒருவன் சுண்ணாம்புக் கையை சோப்புப் போட்டுக் கழுவும்போது நுரை தெறித்து, உறிஞ்சும் குழாயை இணைக்கும் யூனியன்மேல் விழுந்தது. ஒரு பக்கத்து நுரை மட்டும் சுர்ரென்று உள்ளே இழுபட்டது! கழற்றினால் ரப்பர் வாஷர் நகக்கீறல் அளவுக்கு வெடித்திருந்தது. 10 ரூபாய் வாஷர் மாற்றினோம். அன்றிரவே தொட்டி நிரம்பி வழிந்தது. அப்பாடா என்று இருந்தது.

கழற்றிப் போட்ட பழைய ஃபுட் வால்வு, பாவம், நன்றாகத்தான் இருக்கிறது.